சாட்சியில் விட்டுப்போன கல்

1978-ஆம் வருஷம் மாசி மாதத்தில், எனக்கு முப்பத்தாறு வயது இருக்கும்போது, என் இரண்டு கைகளும் நடுங்கத் தொடங்கின. காய்ச்சல் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் நடுங்காது. எதையாவது பிடிக்கப் போனால்தான் நடுங்கும். காபி டம்ளரைத் தூக்கினால் பாதி காபி வேட்டியில். சட்டைப் பொத்தானை என் மனைவி ரூத்துதான் போட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கை நடுங்கினால் வேட்டி நனைவதோடு போகும். நானோ சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டுகிறவன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். கையைத் தட்டிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். நரம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசுதான் பயந்திருக்கிறது என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பஸ் முதலாளி நல்ல மனுஷர். மூன்று வாரம் பார்க்கலாம், அதற்குமேல் வேறு டிரைவரைப் போடுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்று சொல்லி அனுப்பினார். எனக்கு வேறு தொழில் தெரியாது. பதினெட்டு வயதில் பிடித்த ஸ்டியரிங்.

ஜெபித்தேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் முழங்காலில் நின்றேன். இரண்டு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, என் கையைக் கொடும், என் கையைக் கொடும் என்று இதே வார்த்தைதான். ஜெபம் வாயை விட்டுக் கிளம்பி, வீட்டு உத்தரத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றதுபோல இருந்தது. எழுந்து டம்ளரைத் தூக்குவேன். நடுங்கும். அழுதிருக்கிறேன், பிரியமானவர்களே. ஆண்பிள்ளை அழக்கூடாது என்பார்கள். பஸ் ஓட்ட முடியாத டிரைவர் அழலாம்.

இந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான், அது எப்படிப் போனது என்பதும் புரியும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் பிறந்தது கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. ரூத்தைக் கட்டிக்கொண்ட புதிதில் அவளுக்குத் துணையாக ஏற்காட்டில் அவள் சபையின் கோயில் வாசல்வரை வந்து, பீடி பிடித்துக்கொண்டு வெளியே நின்றவன். ஒருநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினேன். ஆண்டவர் என்னை வெளியே விடவில்லை. அது பெரிய கதை, இன்னொரு சமயம் கேட்டால் சொல்கிறேன். விசுவாசம் வந்தது நிஜம். ஆனால் அதோடு கூடவே ஒரு மப்பும் வந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்தக் குடை என் கையில் இருந்தது.

மலையேறும் பஸ்கள் எல்லாம் அடிவாரத்தில் ஒரு ஐந்து நிமிஷம் நிற்கும். ரோட்டோரம் ஒரு முனியப்பன் கோயில். கண்டக்டர் இறங்கிப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு, பயணிகளுக்குத் திருநீறு கொண்டுவருவார். அதற்குள் டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவார், நாலு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். பின்சீட்டுக்கு அடியில் கிடக்கும் கட்டையை, அதாவது ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் போடும் மரக்கட்டையை, கண்டக்டர் எடுத்துப் பின்படிக்குப் பக்கத்தில் வைப்பார். இதெல்லாம் வேலை என்று யாரும் எழுதி ஒட்டியது கிடையாது. கற்பூரத்தோடு கற்பூரமாக நடக்கும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் சேலத்தில் ஒரு கன்வென்ஷனுக்கு, அதாவது பெரிய சுவிசேஷக் கூட்டத்துக்கு, போய் வந்தேன். மறுநாளே கண்டக்டர் பழனிச்சாமியிடம், இனிமேல் அடிவாரத்தில் என் வண்டி நிற்காது, விக்கிரகத்துக்கு முன்னால் ஒரு விசுவாசி வண்டியை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டேன். பழனிச்சாமி என்னைவிட மூன்று வயது இளையவர். அதிர்ந்து பேசமாட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்க கும்புட வேண்டாமுங்க. வண்டி மட்டும் செத்த நேரம் நிக்கட்டுமுங்க."

நான் கேட்கவில்லை. அடிவாரம் வந்ததும் ஒரு ஸ்தோத்திரப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு கியரை மாற்றிப் போய்க்கொண்டே இருப்பேன். ஜனங்கள் ஜன்னல் வழியாகக் காசை வீசிக் கும்பிடுவார்கள். முணுமுணுப்பார்கள். அவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கர்த்தருக்காகப் பாடுபடுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தண்ணீர் ஊற்றாமல் போகிறேன் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. சேலம் பஸ் ஸ்டாண்டில் பகல் பதினொரு மணி டிரிப். கரடியூரைச் சேர்ந்த வெள்ளையன் என்ற மலைக்காரர் ஒரு புது அம்மிக்கல்லோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மகளுக்குக் கல்யாணம். பெண் மிதிக்க அம்மியும், புகுந்த வீட்டுக்குச் சீரும் அந்த ஒரே கல்தான். நான் முடியாது என்றேன். வண்டியில் உட்கார இடமில்லாமல் நாற்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள், இதில் கல்லையும் ஏற்றினால் யார் இழுப்பது, அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். பழனிச்சாமி அவரைக் கொண்டே கல்லைப் புரட்டிப் பின்படிக்குப் பக்கத்தில், கட்டை இருக்கவேண்டிய இடத்தில், வைக்கச் செய்துவிட்டு விசிலை ஊதினார்.

அடிவாரத்தில் நிற்கவில்லை. பாடிக்கொண்டு ஏறினேன்.

ஒன்பதாவது வளைவில் எஞ்சின் சூடு நாற்றம் அடித்தது. பன்னிரண்டில் ஆவி வந்தது. இன்னும் எட்டு வளைவுதானே, போய்விடலாம் என்று நினைத்தேன். பதினான்காவது வளைவில், வண்டி பாதி திரும்பியிருக்கும்போது, எஞ்சின் நின்றுவிட்டது.

பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்று டிரைவர்களுக்குத் தெரியும். கை பிரேக்கை இழுத்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. உள்ளே கூக்குரல். பழனிச்சாமி கட்டையை எடுக்கப் பின்சீட்டுக்கு அடியில் பாய்ந்தார். அதன்மேல் உப்பு மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் கிடந்தன. மூட்டையைப் புரட்ட நேரமில்லை.

இயேசுவே என்று ஒரே ஒரு சத்தம் போட்டேன். அன்றைக்கு நான் செய்த ஜெபம் அவ்வளவுதான்.

வண்டி எதன்மேலோ ஏறியதுபோல ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

வெள்ளையன் அந்த அம்மியைக் காலால் உந்திப் படியிலிருந்து கீழே தள்ளி, தானும் குதித்து, தோளைக் கொடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் புரட்டியிருக்கிறார். அவர் தோளில் தோல் உரிந்திருந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அன்றைக்கு ஒரு பஸ்ஸே வந்து இடித்தும் அது நகரவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. அம்மிக்கு மட்டும் ஒரு மூலை உடைந்து மூளியாகிவிட்டது.

விஷயம் மலை முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். பழனிச்சாமியையும் வரச் சொல்லியிருந்தேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் கைகட்டி நின்றார். நான் முன்னால் நின்று சொன்னேன். விக்கிரகத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்த மறுத்தேன், பிசாசு என்னைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தான், இயேசுவே என்று கூப்பிட்டேன், வண்டி அப்படியே நின்றது. சபை முழுக்க அல்லேலூயா என்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலையில் வண்டி எடுக்கப் போனபோது பழனிச்சாமி பக்கத்தில் வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ஏனுங்கண்ணா, எல்லாஞ் சொன்னீங்க. கல்லைச் சொல்லாம உட்டுட்டீங்களே."

நான் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அப்போதுதான் முதல்முதலாகக் கை நடுங்கியது.

இதுதான் நடந்தது. இப்போது நான் முதலில் சொன்ன அந்த நாட்களுக்கு வாருங்கள். பன்னிரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். பதின்மூன்றாம் நாள், ரூத் வேலைக்குப் போன பிறகு, முழங்காலில் நின்றேன். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. என் கையைக் கொடும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆண்டவரே, நான் என்ன செய்தேன் என்று மட்டும் கேட்டேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தரிசனம் ஒன்றும் வரவில்லை. பின்சீட்டுக்கு அடியில் கிடந்த அந்தக் கட்டைதான் கண்முன் வந்தது. பிறகு காலியாகக் கிடந்த தண்ணீர் டின். பிறகு வெள்ளையனின் தோள். பிசாசு எங்கே தள்ளினான்? தண்ணீர் ஊற்றாதவன் நான். கட்டையை எடுத்து வைக்க வண்டியை நிறுத்தாதவன் நான். காப்பாற்ற வந்த கல்லை ஏற்ற மாட்டேன் என்றவனும் நான்தான். இவ்வளவையும் செய்துவிட்டு, ஆண்டவருடைய வீட்டில் ஆண்டவருடைய பெயரைச் சொல்லி என்னைப் பெரியவனாக்கிக்கொண்டேன். அவர் அனுப்பிய உதவியை மறைத்துவிட்டு அவருக்கே நன்றி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அழுத அழுகை வேறு.

சாயங்காலம் ரூத் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை செய்கிறவள், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"என்கிட்டச் சொல்லி என்னாவுதுங்க? அம்மி போனவங்க ஊட்டுல போயிச் சொல்லோணும்."

அடுத்த நாளே சேலத்துக்கு இறங்கிப் பழனிச்சாமியைப் பார்த்தேன். மன்னித்துக்கொள் பழனிச்சாமி, தப்பு என்னுடையது என்றேன். அவர் டிக்கெட் பையின் வாரைத் திருகினார்.

"கட்டைய எடுத்து வெக்கறது என்ற வேலைங்கண்ணா. வண்டி ஓடறப்பவும் எடுத்து வெச்சிருக்கலாம். நீங்க நிறுத்தலீன்னு கோவம். அதான் எடுக்கலீங்க. நானும் ராத்திரியெல்லாம் இதையேதான் நெனச்சுட்டுக் கெடக்கறேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரு கட்டைக்காகக் கோபித்துக்கொண்டு ஒரு வண்டி ஜனத்தைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தோமே என்று சிரித்தோமா, அழுதோமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்குப் பழனிச்சாமி லீவு போட்டார். இரண்டு பேரும் கல் கொத்துகிறவரிடம் போய், நல்ல கறுப்புக் கல்லில் ஒரு அம்மியும் குழவியும் பார்த்து வாங்கினோம். பஸ்ஸில் ஏற்காடு. அங்கிருந்து ஒரு எஸ்டேட் ஜீப்காரர் கரடியூர்ப் பாதையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வெள்ளையன் வீட்டுக்கு அங்கிருந்து அரை மைல் ஏற்றம், ஒற்றையடிப் பாதை, ஜீப் போகாது. பழனிச்சாமி அம்மியைத் தானே தூக்குகிறேன் என்றார். என் கையைப் பார்த்துத்தான் சொன்னார். நான் விடவில்லை. துண்டைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, அம்மியை ஏற்றிவிடச் சொன்னேன். அவர் குழவியோடு பின்னால் வந்தார். கழுத்து இறங்கிப்போகிற பாரம். காபிச் செடிக்கு நடுவே, வேர்களில் கால் வைத்து வைத்து ஏறினேன். வழியெல்லாம், அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கொடும் என்பதுதான் என் ஜெபம். கையைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.

வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள். மூளியான அம்மி சுவரோரம் சாய்ந்திருந்தது. வேறு வாங்க நேரமில்லாமல், உடைந்த மூலையில் மஞ்சளை அப்பி ஒப்பேற்றிவிடலாம் என்று வைத்திருந்தார்களாம். நான் கல்லை இறக்கி வைத்துவிட்டு, அவர் முன்னால் நின்று, அடிவாரத்தில் நிற்காமல் வந்தது, தண்ணீர் ஊற்றாதது, சபையில் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"நீங்க உங்க சாமியக் கூப்புட்டீங்க. அந்தச் சத்தங் கேட்டுத்தான் எனக்கு அந்தக் கல்லு கண்ணுல பட்டுதுங்க. அதுவரைக்கும் நானும் வாயப் பொளந்துட்டுத்தான் நின்னேன்" என்றார் வெள்ளையன். பிறகு உள்ளே திரும்பி, "கண்ணு, இவுங்களுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

கல்யாணப் பெண் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏறிவந்த தாகம். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பழனிச்சாமி என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருக்கவில்லை.

கையை நீட்டிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். கை சும்மா கையாக இருந்தது. அந்த முற்றத்திலேயே முழங்கால் போட்டுவிட்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. யாரும் சிரிக்கவில்லை.

வரும்போது வெள்ளையனிடம் அந்த மூளி அம்மியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் அனுமதி கேட்டு, அதே இடத்தில் நின்று, சாட்சியைத் திருத்திச் சொன்னேன். அல்லேலூயா கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. முகம் சுளித்தவர்களும் உண்டு. போதகர் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

திங்கட்கிழமை வண்டி எடுத்தேன். அன்றைக்கு அடிவாரத்தில் நிறுத்தியவன், 1996-இல் ஓய்வு பெறும்வரை ஒருநாளும் நிறுத்தாமல் போனதில்லை. பழனிச்சாமி கற்பூரம் கொளுத்தப் போவார். நான் கோயிலுக்குப் போகமாட்டேன், அவரும் கூப்பிடமாட்டார். தண்ணீர் ஊற்றுவேன், சக்கரம் பார்ப்பேன், கட்டையை நானே எடுத்துப் பின்படியில் வைப்பேன். பிறகு சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, வண்டியில் இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபிப்பேன். கொஞ்ச நாளில் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. கிளியூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், என்ற மருமவளுக்கு இது மாசமுங்க, அவளுக்கும் சேத்துச் சொல்லுங்க என்பார். அப்படித்தான் எனக்குப் பக்கத்து முன்சீட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு என்று ஆயிற்று. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் காலையில் மருந்துச் சீட்டைக் கொடுத்தால், சாயங்காலம் சேலத்திலிருந்து மருந்தோடு வருவேன். கன்வென்ஷனில் பிரசங்கியார்கள் சொன்ன பெரிய ஊழியம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஊழியம் கிடைத்தது. எனக்கு இது போதும். நிறைவாக இருக்கிறேன்.

அந்த மூளி அம்மி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ரூத் இன்றைக்குக் காலையில்கூட அதில்தான் சட்னி அரைத்தாள். ஒரு மூலை இல்லாவிட்டாலும் நன்றாகவே அரைபடுகிறது.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது இப்போது பதினான்காவது வளைவில் நின்றுகொண்டிருக்கலாம். பின்னால் சுவர், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்று இருக்கலாம். கூப்பிடுங்கள். நீண்ட ஜெபம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும், என் ஆண்டவர் கேட்பார். ஆனால் உதவி நீங்கள் நினைத்த ரூபத்தில் வராது. நீங்கள் ஏற்ற மாட்டேன் என்று சொன்ன கல்லாக வரும், உங்கள் சபையில் இல்லாத ஒருவருடைய தோளாக வரும். வந்தால், ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். சொல்லும்போது அந்தக் கல்லையும் சொல்லுங்கள்.